கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை

(திருகோணமலையில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கருத்தரங்கில் மாவட்ட அமைப்பாளர் ஆற்றிய உரை)



அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். கந்தளாய் தாண்டியதும் பலர் எழும்பி, யன்னலைத் திறந்து, கடல் எங்கே, கடல் எங்கே என்று கேட்டதாகச் சாரதி சொன்னார். கடல் அங்கேதான் இருக்கிறது. பின்னேரம் எல்லோரும் போவோம். அதற்கு முன் ஒரு மணித்தியாலம் என்னோடு இருங்கள்.

இந்தத் தலைப்பை நான் கொடுத்தபோது நம்முடைய காரியாலயத்திலேயே ஒருவர் கேட்டார்: "அண்ணே, தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் பிரதேச சபையின் கட்டட அனுமதிக்கும் என்ன சம்பந்தம்? சம்பளத்தைப் பற்றிப் பேசலாமே." சம்பளத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த இடத்துக்கு வரக் கொஞ்ச நேரமாகும்.

இந்த மாவட்டம் தோட்டத் தொழிலை அறியாத மாவட்டமல்ல. கந்தளாயில் கரும்புச் செய்கையும் சீனித் தொழிற்சாலையும் இருந்தன. 1993இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் வவுனியாவில் குடியேறின, இங்கேயும் குடியேறின. என்னுடைய தாய் தகப்பனும் அப்படி வந்தவர்கள்தான். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்கிறார்கள், சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார்கள், தோட்டம் பராமரிக்கிறார்கள். உங்கள் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் சீசனுக்கு இங்கே வருகிறார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் இரண்டு தாய்மார் தங்கள் மகன்மாரைப் பார்க்கவும்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு ஒழுங்கையின் கதை. நான் இருக்கும் பக்கத்தில், பிரதான வீதியிலிருந்து கடலுக்குப் போக ஒரு மணல் ஒழுங்கை உண்டு. கரைவலை இழுக்கிறவர்கள் வலையையும் கயிற்றையும் அதன் வழியாகத்தான் கொண்டுபோவார்கள். மீன் வண்டியும் அதன் வழியாகத்தான் வரும். சுனாமி அன்று, 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அந்த ஒழுங்கையால் ஓடி வந்து தப்பியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஒழுங்கையின் இரண்டு பக்கமும் காணி விலைப்பட்டது. ஒரு பக்கத்தில் மதில் வந்தது. மறு பக்கத்தில் விடுதி வந்தது. பிறகு ஒழுங்கையின் வாயிலில் ஒரு கேற் வந்தது. அதில் பூட்டு இல்லை, ஆனால் காவலாளி ஒருவர் இருக்கிறார். "எங்கே போறீங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து போய்வந்த வழியில் எங்கே போகிறாய் என்று கேட்டால் மனுஷன் இரண்டாம் முறை போவானா?

காவலாளியும் நம்முடைய ஆள்தான், ஊவாப் பக்கத்துப் பையன். அவனோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

நாங்கள் சபைக்குப் போனோம். "அது எங்கள் வீதிப் பதிவேட்டில் இல்லை" என்றார்கள். பதிவேட்டில் இல்லாத வழிக்குச் சபை மணல் போடாது, மின்குமிழ் போடாது, கேற்றைக் கழற்றவும் சொல்லாது. ஐம்பது அறுபது வருடம் சனம் நடந்த வழி கடதாசியில் இல்லாததால் இல்லாமல் போய்விட்டது. லயத்துக்கு முன்னால் இருக்கும் பாதை யாருடையது என்று கேட்டு அலைந்தவர்களுக்கு இது விளங்கும்.

சரி, ஒரு ஹோட்டல் எப்படி வருகிறது? பலர் நினைக்கிறார்கள், அமைச்சர் ஒருவர் வந்து அடிக்கல் நாட்டினால் வந்துவிடும் என்று. அடிக்கல்லுக்கு முன்னால் கடதாசிகள் நிறைய இருக்கின்றன. காணி அரச காணியென்றால் பிரதேச செயலகம், காணி ஆணையாளர் பக்கம், சில இடங்களில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் கட்டுவதானால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். 99 அறைகளுக்கு மேல் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். ஆகவே 99ஐத் தாண்டாமல் திட்டம் போடுவது புத்திசாலித்தனம் என்று எந்தத் திட்ட வரைஞரும் சொல்லுவார். இவற்றுக்கெல்லாம் பிறகு, அல்லது இவற்றோடு சேர்த்து, 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதி. இந்த அனுமதியைப் பெரும்பாலும் பிரதேச சபையின் திட்டமிடல் குழுதான் பார்க்கிறது. வரைபடம், வீதிக் கோடு, வாகனத் தரிப்பிடம், மலக்குழி எங்கே என்பதெல்லாம் அங்கே வருகிறது. கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ்.

இவ்வளவு மேசைகளில் கடலுக்குப் போகும் ஒழுங்கையைப் பற்றிக் கேட்க வேண்டிய மேசை எது? சபையினுடைய மேசை. ஊர் ஆட்கள் தெரிவு செய்த ஆட்கள் இருக்கும் ஒரே மேசை அதுதான். மற்ற எல்லாம் கொழும்பிலிருந்து தொடங்கி கீழே வருகிறவை. திருகோணமலை மாவட்டத்துக்கு சிங்கப்பூர் கம்பனி ஒன்று பெருந்திட்டம் வரைந்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. சம்பூரில் முதலில் நிலக்கரி என்றார்கள், பிறகு சூரிய சக்தி என்றார்கள். துறைமுகத்தைச் சுற்றி உலகமே திட்டம் போடுகிறது. அதைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை, இன்னொரு நாள் பேசலாம். நான் சொல்வது, இவ்வளவு பெரிய திட்டங்களுக்கு நடுவில் சின்ன ஒழுங்கை யாருடைய படத்திலும் இல்லை.

அந்தச் சபையும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லை, கூட்டம் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. செயலாளர்மார் நிர்வாகம் நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, சிலர் நன்றாகவே செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கட்டட வேலை நிற்கவில்லை. மாகாண சபையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, இன்றுவரை தேர்தல் இல்லை.

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு விடுதி வந்தால் சபைக்கு என்ன கிடைக்கும்? விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கட்டணம், ஒரு முறை. அந்த இடம் அபிவிருத்தியடைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால் ஆதனவரி. காணி கைமாறும்போது முத்திரை வரி, அது மாகாணத்தின் வழியாகச் சுற்றி வரும். ஏலத்திலோ தரகர் மூலமோ காணி விற்றால் விற்பனைத் தொகையில் ஒரு வீதம். பிறகு ஒவ்வொரு வருடமும் அனுமதிப்பத்திரக் கட்டணம்.

இந்தக் கடைசிக் கட்டணத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 149ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்த ஹோட்டலிடம் முந்தைய வருட வருமானத்தில் ஒரு வீதம் வரை சபை அறவிடலாம். பதிவு செய்யாத இடத்துக்கு அப்படியல்ல, ஆண்டுப் பெறுமதியைப் பார்த்து ஒரு நிலையான தொகை. வர்த்தமானியில் பிரதேச சபைகள் போட்டுவந்த அறிவித்தல்களைப் பாருங்கள்: 500 ரூபா, 750 ரூபா, ஆகக் கூடினால் 1000 ரூபா. வருடத்துக்கு. சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் அந்த ஆயிரம், கடலைப் பார்த்த பல்கனியோடு பன்னிரண்டு அறை வைத்திருப்பவருக்கும் அந்த ஆயிரம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். இது எந்த ஹோட்டலின் கணக்குமல்ல, நான் கரும்பலகையில் போடும் கணக்கு. 40 அறை. கிழக்குக் கரையில் சீசன் சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, ஒரு 150 நாள் என்று வைப்போம். பாதி அறை நிரம்புகிறது, அதாவது 20. ஒரு இரவுக்கு 15,000 ரூபா. இருபதை நூற்றைம்பதால் பெருக்கினால் 3,000 இரவு. மொத்தம் 4 கோடி 50 இலட்சம் ரூபா. அதில் ஒரு வீதம் 4 இலட்சத்து 50 ஆயிரம். அந்தக் காசு வந்தால் ஒழுங்கைக்கு விளக்கும் போடலாம், குப்பை உழவு இயந்திரத்துக்கு டயரும் போடலாம். ஆனால் வருமானம் இவ்வளவு என்று சொல்வது யார்? ஹோட்டல்காரர்தான். சபையில் அந்தக் கணக்கைச் சரிபார்க்க யார் இருக்கிறார்? வருமானப் பரிசோதகர் ஒருவர், மோட்டார் சைக்கிளில், முழுப் பிரதேசத்துக்கும்.

இதைத் தவிர, சுற்றுலா அபிவிருத்தி வரி என்று இன்னொரு ஒரு வீதம் இருக்கிறது. அது கொழும்புக்குப் போகிறது. புறாத்தீவுக்குப் போகும் டிக்கெட் காசு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, ஆகவே அது முறைதான். ஆனால் புறாத்தீவுக்குப் போக நிலாவெளிக்கு வரும் வேனின் டயர் உழுவது யாருடைய வீதி? அந்த வேனிலிருந்து இறங்குகிறவர் எறியும் தண்ணீர்ப் போத்தலைப் பொறுக்குவது யாருடைய தொழிலாளி? குச்சவெளிப் பிரதேச சபையின் எல்லை அது. இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, திரியாய், புல்மோட்டை வரை நீண்டு கிடக்கும் பிரதேசம். சபையின் சுகாதாரத் தொழிலாளர்களில் நிரந்தர நியமனம் இல்லாதவர்கள் எந்தச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களும் நமக்கு வேறு ஆட்களல்ல.

நம்முடைய சட்டத்தில் இல்லாதது ஒன்று உண்டு. கட்டுகிறவர், தன் கட்டடத்தால் ஊருக்கு வரும் சுமைக்காக, கட்டுவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய பங்கு. வீதி அகலிக்க, வடிகால் போட, கழிவுநீர் சுத்திகரிக்க. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மேம்பாட்டுக் கட்டணம் என்று இருக்கிறது. பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்து வீதக் காணியைத் திறந்தவெளிக்கென்று உள்ளூராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில், நம்மை ஆண்ட அதே நாட்டில், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி அனுமதி கொடுக்கும்போதே சபை உடன்படிக்கை எழுதலாம். 2010இலிருந்து உட்கட்டமைப்பு வரி ஒன்றும் வந்தது. அதில் 15 வீதம் கட்டடம் வரும் அந்தச் சின்ன ஊரின் சபைக்கே போகும், ஊர் தனக்கென்று ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தால் 25 வீதம். அங்கேயும் கம்பனிகள் பேரம் பேசிக் குறைக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பேரம் பேச ஒரு மேசை இருக்கிறது.

நம்மிடம் இருப்பது காணி துண்டாடும் விதி. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986 ஒழுங்குவிதிகளிலிருந்தே, ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் வீதி நீங்கலாகப் பத்து வீதத்தைப் பொதுப் பாவனைக்கு ஒதுக்க வேண்டும். ஒரு ஹெக்டயர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைத்து, வேறு வேறு பெயரில், வேறு வேறு மாதத்தில் துண்டாடினால் விதி பிடிக்காது. பிடிக்க வேண்டுமென்றால் சபையில் இருப்பவர் பழைய வரைபடங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"இப்படி வரி வரி என்றால் முதலீட்டாளர் ஓடிவிடுவார், பிள்ளைகளுக்கு வேலை போய்விடும்" என்பார்கள். இந்தப் பேச்சை நான் அலட்சியம் செய்வதில்லை. முப்பது வருட யுத்தம், சுனாமி, பிறகு 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 நெருக்கடி. இங்கே வீட்டோடு இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடும் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் விழுந்து எழும்பியவை. அவர்களிடம் போய் முன்பங்கு கட்டு என்று நான் சொல்லமாட்டேன். அறைக் கணக்கைப் பார்த்து, படிப்படியாக வைக்கலாம். ஐந்து அறைக்குக் கீழே ஒன்றுமில்லை என்றே வைக்கலாம். ஆனால் பெரிய முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. அவர் வருவது கடற்கரைக்காக. கடற்கரையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பாசிக்குடாவைப் பாருங்கள். அரசாங்கமே வலயம் அமைத்து, காணி கொடுத்து, வரிசையாக ஹோட்டல்கள் வந்தன. கடலையே நம்பியிருந்த மீனவர் கரையில் இடம் தேட வேண்டி வந்தது.

இனிச் சம்பளம். சொன்னேன் அல்லவா?

என் அக்காவின் மகன் ஒரு ஹோட்டலில் மூன்று சீசன் வேலை செய்தான். பெயர் வேண்டாம். நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி கிடையாது. சம்பளத்தில் எட்டு வீதம் அவனுடையது, பன்னிரண்டு வீதம் முதலாளி போட வேண்டியது, நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் மூன்று வீதம். மூன்று சீசனுக்கும் ஒரு சதம் இல்லை. பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் என்று போட்டார்கள், அது எங்கே போனது என்று அவன் கேட்டான். அடுத்த சீசனுக்கு அவனைக் கூப்பிடவில்லை.

இதற்கும் சபைக்கும் தொடர்பு இருக்கிறது. கணக்கில் வராத அறை, கணக்கில் வராத வருமானம், கணக்கில் வராத தொழிலாளி, மூன்றும் ஒரே புத்தகத்தில் எழுதப்படாமல் விடப்பட்டவை. ஹோட்டல் பதிவு செய்து, வருமானத்தைச் சொல்லி, ஒரு வீதம் கட்டத் தொடங்கினால், இத்தனை அறைக்கு இத்தனை பேர் வேலை செய்ய வேண்டுமே, அவர்களுடைய பெயர் எங்கே என்று தொழில் திணைக்களத்திடம் நாம் கேட்கலாம். சபை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது என்னுடைய கோரிக்கை. சட்டத்தில் அப்படி இல்லை. உபவிதியில் சேர்க்க முடியுமா என்று சபை உறுப்பினர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் ஆதரவு, ஒருவர் யோசிக்கிறார், மற்றவர்கள் தொலைபேசியை எடுக்கிறார்களில்லை.

மலையகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது கடற்கரைக் கதை என்று நினைக்காதீர்கள். காசல்றிப் பக்கத்தில் துரைமார் பங்களாக்களை ஹோட்டலாக்கி 2005இல் தொடங்கினார்கள். ஒரு இரவுக்கு அங்கே வாங்குவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல மாதச் சம்பளம். பிறகு எல்லாப் பக்கமும் கபானா, கூடாரம், நீர்வீழ்ச்சிக்கு டிக்கெட், தொங்குபாலம் என்று வந்துகொண்டிருக்கிறது. பல காலமாக என்ன சொன்னார்கள்? தோட்டப் பாதை கம்பனிப் பாதை, பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி சபை அங்கே செலவு செய்ய முடியாது என்றார்கள். வாக்கு மட்டும் நம்முடையது, காசு கிராமத்துக்கு. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இப்போது சபை தோட்டத்துக்குள் வரலாம். அதே நேரத்தில் ஹோட்டல்காரரும் வருகிறார். யார் முந்துகிறார் என்று பாருங்கள். லயத்துக்குப் பின்னால் கோயிலுக்குப் போகும் படி, ஆற்றுக்கு இறங்கும் வழி, சுடுகாட்டுப் பாதை, இவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கின்றனவா? ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுப் போராடும்போது, அந்தக் காணிக்குப் போகும் பாதையையும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் இங்கே கேட்காமல் விட்டது அதுதான்.

என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவேன், மறுப்பேன் என்று தீர்மானம் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று கேள்வி எழுதியிருக்கிறோம். 149ஆம் பிரிவின் கீழ் ஒரு வீதம் கட்டும் ஹோட்டல்கள் எத்தனை, மொத்தம் எவ்வளவு? நிலையான தொகை கட்டும் விடுதிகள் எத்தனை? 2023 மார்ச்சுக்கும் 2025 மேக்கும் இடையில் கரையோரத்தில் கொடுத்த அபிவிருத்தி அனுமதிகள் எவை, அவற்றின் வரைபடத்தில் பொது வழி காட்டப்பட்டிருக்கிறதா?

பிறகு ஒழுங்கை. அதைச் சபையின் வீதிப் பதிவேட்டில் சேர்க்கும்படி மனு எழுதியிருக்கிறோம். கரைவலைக்காரர், படகுக்காரர், கோயில் சபை, பள்ளிவாசல், மாதர் சங்கம், எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். சுனாமி அன்று அந்த வழியால் ஓடிவந்த ஆறு பேர் சத்தியக் கடதாசி கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். விடுதிக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம். அவர் பதில் அனுப்பினார், மரியாதையாகத்தான்: கேற் பாதுகாப்புக்காகப் போட்டது, ஊராருக்குத் தடையில்லை என்று. அதையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். தடையில்லை என்று அவரே எழுதித் தந்திருக்கிறார், பெறுமதியான கடதாசி அது. அடுத்த பொதுக் கூட்டத்தில் மனு எடுக்கப்படும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். பார்வையாளராக நாற்பது பேர் போய் உட்காருவது எங்கள் திட்டம். சத்தம் போடுவதற்கல்ல, உட்காருவதற்கு.

இப்போது சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள். தகவல் கோரும் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சபையின் பெயரை எழுதி இங்கேயே நிரப்பிக்கொண்டு போகலாம், பேனை இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள். மூன்று மணிக்குக் கடலுக்குப் புறப்படுவோம். அந்த ஒழுங்கையாலேயே போவோம். காவலாளித் தம்பி எங்கே போறீங்க என்று கேட்டால், கடல் பார்க்க என்று சொல்லுங்கள். அவனுடைய அம்மா கொடுத்துவிட்ட பார்சல் ஒன்றும் பதுளை பஸ்ஸில் இருக்கிறது, அதை யாராவது மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.